கிளட்ச் இல்லாத வண்டி

வெயில் படுகிறதென்றால் நீங்கள் அந்தப் பக்கத்து சீட்டுக்குப் போய்க்கொள்ளுங்கள், அங்கே காலிதான். எனக்கு இந்த ஜன்னல்தான் வேண்டும். கொஞ்சம் ரோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போகவில்லையா? சரி, உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது போனில் பேசினீர்களே, கார் வாங்கப் போவதாக, ஆட்டோமேட்டிக் என்று காதில் விழுந்தது. பஸ்ஸில் பேசினால் விழத்தானே செய்யும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்கலாம். ஏர் ஃபில்டர் தெரியும், கியர் ஆயில் தெரியும், பிரேக் கட்டை தெரியும். ஒரு வருஷம் அந்த வண்டியோடு மாரடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தைக் கெடுத்ததே ஒரு ஆட்டோமேட்டிக் வண்டிதான். வண்டி என்ன செய்யும், பாவம், அது இரும்பு. கொடுத்தவளைச் சொல்ல வேண்டும்.

என் மருமகள். நிரஞ்சனா என்று பெயர். கோயம்புத்தூர்க்காரி. கம்ப்யூட்டர் வேலை. என் மகன் திலீபனும் அங்கேதான். போன வருஷம் பங்குனியில் இரண்டு பேரும் புது வண்டி வாங்கினார்கள். பழைய வண்டியை விற்றிருக்கலாம் இல்லையா? விற்கவில்லை. "மாமா வண்டி இல்லாம வீட்டுல அடைஞ்சு கிடக்காரு, அவருக்குக் குடுத்துடலாம்" என்று அவள்தான் சொன்னாளாம். நல்ல மனசு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு நாள்.

எங்கள் வீட்டுக்காரர் டிரைவர். சும்மா டிரைவர் இல்லை, அரசாங்க ஜீப் டிரைவர். இருபத்தெட்டு வருஷம். அருப்புக்கோட்டையில் டிரைவர் சங்கிலிமுத்து என்றால் தெரியாதவர்கள் கிடையாது. அதிகாரிகள் மாறினார்கள், ஜீப் இரண்டு தடவை மாறியது, டிரைவர் மாறவில்லை. ஒரு கோழி மேல் ஏற்றியது கிடையாது. ரிட்டயர் ஆன பிறகும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், வலது கால் தரையை அமுக்கும், இடது கால் கிளட்சுக்கு மேலே நிற்கிற மாதிரி அரையடி முன்னால் நீண்டிருக்கும். அப்படி ஊறிப்போன மனுஷன்.

அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இவள் சொல்கிறாள், "மாமா, இதுல கிளட்ச் கிடையாது. வலது காலுக்கு மட்டும்தான் வேலை. இடது காலைச் சும்மா ஓரமா வெச்சிருங்க." நேற்று லைசென்ஸ் எடுத்தவள், இருபத்தெட்டு வருஷம் ஓட்டினவருக்கு எந்தக் காலை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே "சரிம்மா" என்றார். அவருக்கு மானம் ரோஷம் கம்மி. நான்தான் அவருக்கும் சேர்த்துப் பட வேண்டும்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. ரயில்வே மேம்பாலத்தில் ஏறவில்லை. ஏறவில்லை என்றால் நின்றுவிடவில்லை, ஏறியது, ஆனால் கர்ப்பிணி மாடு மாதிரி ஏறியது. அவர் மிதிக்கிறார், இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் எல்லாம் ஹாரன். வாழை இலைக் கட்டு ஏற்றின ஒரு மொபெட் எங்களை முந்திப் போனது. அதிலிருந்தவன் போகிறபோது திரும்பி எங்களைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

டீக்கடையில் இவரோடு வேலை பார்த்தவர்கள் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். "என்ன சங்கிலி, வண்டில வர்றியா, இல்ல வண்டியத் தள்ளிக்கிட்டு வர்றியா?" என்று ஒருத்தர். "விடுப்பா, சைரன் வெச்ச வண்டிக்கு முன்னாடி பறந்தவன், இப்ப ஆட்டுக்கு வழிவிட்டுப் பழகுறான்" என்று இன்னொருத்தர். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். சர்க்கரை இருக்கிற மனுஷன், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுக்கலாமா? அன்றைக்கே நான் முடிவு செய்தேன், இந்த வண்டியைச் சரி பண்ணாமல் விடுவதில்லை என்று.

வெயிலுமுத்து என்று எங்கள் தெரு மெக்கானிக். அவனிடம் போனோம். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான், ஒரு படி மண் விழுந்தது. பிளக் மாற்றினான். பெட்ரோல் சரியில்லையோ என்று வேறு பங்கில் போடச் சொன்னான். பிறகு அவனே ஏறி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "அண்ணாச்சி, வண்டி குதிரையாட்டம் போகுது" என்றான். இவர் ஏறினார். பழைய குருடி கதவைத் திறடி. அதே மாடு.

அப்புறம் விருதுநகரில் கம்பெனி சர்வீஸ். கியர் ஆயில் மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினார்கள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், ஒரு கோளாறும் காட்டவில்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன், "வண்டியில ஒண்ணும் இல்ல மேடம், சார் எப்படி ஓட்டுறாருன்னு ஒருதடவ பாக்கணும்" என்றான். "தம்பி, உங்க அப்பா சைக்கிள் ஓட்டப் பழகும்போது இவர் ஜீப் ஓட்டினவர்" என்றேன். அவன் பில்லை எடுத்து நீட்டினான்.

ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாகப் போகிறது என்கிறார்கள். இவர் உட்கார்ந்தால் மட்டும் இழுக்காது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். இவர் பேரில் யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எலுமிச்சம்பழம் நசுக்கினேன். பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். முன்னால் படிகாரம் கட்டினேன். அவள் ஓட்டினபோது பறந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொள்கிறதென்றால், கொடுக்கும்போதே மனசில்லாமல் கொடுத்திருக்கிறாள். வேண்டா வெறுப்பாகக் கொடுத்த பொருள் விளங்காது.

இன்னொரு கோளாறும் இருந்தது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் எரியும் விளக்கு, தெரியுமா, அது. போகிறபோதும் எரியும். ஆட்டோக்காரர்கள் பக்கத்தில் வந்து, "பெரியவரே, பிரேக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே போகுது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எலெக்ட்ரீஷியன் ஸ்விட்ச் மாற்றினான். அப்புறமும் எரிந்தது. வயரை வெட்டிவிடு என்று நான்தான் சொன்னேன். எரியாத விளக்கால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரே வாரத்தில் ஒரு பால்காரன் பின்னால் வந்து மோதினான். ரோட்டையெல்லாம் பாலாக்கிவிட்டு, லைட் எரியவில்லை என்று எங்களிடமே சண்டைக்கு வருகிறான். எரிந்தாலும் குற்றம், எரியாவிட்டாலும் குற்றம்.

மூன்று மாதத்தில் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. வெயிலுமுத்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது ரெண்டு வருஷம் வரணுமே அண்ணாச்சி. பிரேக்லயே கால வெச்சு ஓட்டுனாத்தான் இப்படித் தேயும்" என்றான். இவர் முகம் செத்துப்போனது. "என்னப் பாத்தாடா கேக்குற?" என்றார், அவ்வளவுதான். நான் விடவில்லை. கடை வாசலில் நின்று அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அதோடு அவன் கடைக்குப் போவதை நிறுத்தினோம்.

காரியாபட்டி வந்துவிட்டதா? இன்னும் இல்லையா. வெள்ளைக் கார் ஏதாவது நம்மைத் தாண்டிப் போனால் சொல்லுங்கள்.

ஆவணியில் மகனும் மருமகளும் வந்தார்கள். எல்லாரும் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட்டு வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கார்வரை நடந்தோம். பின்னால் வந்த மருமகள் கையில் ஒரு செருப்பு. இவருடைய இடது கால் செருப்பு. நடுவழியில் கழன்று கிடந்ததாம். இவர் ஒற்றைச் செருப்போடு கார்வரை வந்திருக்கிறார், தார் ரோட்டில், மத்தியானத்தில். "மாமா, கால் சுடலையா?" என்றாள். "செருப்புதான் போட்டிருக்கேனே" என்றார். குனிந்து பார்த்துவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டிலும் அப்படித்தான், செருப்பு ஒரு இடம் கால் ஒரு இடம். மறதி. வயசானால் வரத்தானே செய்யும். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் நான் மாவாட்டிக்கொண்டிருக்கும்போது சமையல்கட்டுக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தை, மாமாவோட இடது காலை டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டணும். செருப்பு கழண்டது அவருக்குத் தெரியல பாருங்க. வண்டியிலயும் அந்தக் கால் பிரேக்ல இருக்கோன்னு எனக்குச் சந்தேகம். நான் சொன்னா மாமாவுக்குச் சங்கடமா இருக்கும், டிரைவரா இருந்தவரு. நீங்க பக்குவமா சொல்லுங்க" என்றாள்.

எனக்கு எப்படி இருக்கும்? ஓடாத வண்டியைத் தலையில் கட்டிவிட்டு, இப்போது என் புருஷன் காலில் குறை கண்டுபிடிக்கிறாள். வெயிலுமுத்து சொன்னதையே இவளும் சொல்கிறாள். "வண்டியச் சொல்லு, கேக்குறேன். அவர் காலச் சொல்லாத" என்றேன். அவள் போய்விட்டாள்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. செருப்புதானே கழல்கிறது? மறுநாளே கடைக்குப் போய் கழலாத செருப்பு வாங்கினேன். பின்னால் வார் வைத்து, பக்கிள் போட்டது. அவருக்குக் குனிய முடியாது, இடுப்பு வலி. தினமும் காலையில் நானே குனிந்து, சாக்ஸ் போட்டுவிட்டு, அதன் மேல் வாரை இறுக்கி மாட்டிவிடுவேன். கழன்று விழுந்ததே கிடையாது. புருஷனைக் கவனிக்கவில்லை என்று என்னை ஒருத்தி சொல்லிவிட முடியாது.

பத்து நாள் கழித்து அவள் போன் செய்தாள். "மாமாவக் காட்டினீங்களா அத்தை?" காட்டியாச்சு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். வேறு என்ன சொல்ல? அடுப்பில் பால் பொங்குகிறது, போனை வைக்க வேண்டுமே.

ஐப்பசியில் வண்டிக்குள் ஒரு நாற்றம் ஆரம்பித்தது. முதலில் தீய்ந்த வாடை, அது எப்போதும் உண்டு. இது வேறு, எலி செத்த மாதிரி. சீட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தோம், எலி இல்லை. கற்பூரம் வைத்தேன், அந்துருண்டை போட்டேன். பிறகு வீட்டுக்குள்ளும் அடித்தது. வண்டி நாற்றம் உடம்பில் ஒட்டி வருகிறது என்று நினைத்தேன். நீங்களாக இருந்தால் வேறு என்ன நினைத்திருப்பீர்கள்?

கடைசியில், கார்த்திகையில், ஜெபமணி என்று ஒருவர் கிடைத்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். பானட்டைத் திறக்கவே இல்லை. "அண்ணே, நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வரேன்" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத பைபாஸ் பக்கம் போனோம். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இடது கால எங்க வெச்சிருக்கீங்க?"

"கீழதான்."

"கீழ இல்லண்ணே."

"கீழதான்யா வெச்சிருக்கேன்."

ஜெபமணி கையை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பேண்ட்டைப் பிடித்து அந்தக் காலைத் தூக்கி ஓரமாக வைத்தார். பாருங்கள், வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. என் தலை சீட்டில் போய் இடித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "இழுத்துருச்சுங்க, இழுத்துருச்சு" என்று கத்தினேன். சாமிக்கு நேர்ந்துகொண்டது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

ஜெபமணி ஓரங்கட்டச் சொன்னார். வண்டி நின்றது. இறங்கிச் சுற்றி வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து கீழே உட்கார்ந்தார். "அண்ணே, ரோட்டப் பாருங்க. கீழ பாக்காதீங்க. இப்ப நான் எதப் பிடிச்சிருக்கேன்?"

"என்ன பிடிச்சிருக்க?" என்றார் இவர். "ஒண்ணும் பிடிக்கலையே."

ஜெபமணி இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

பிறகு பக்கிளைக் கழற்றினார். செருப்பைத் திருப்பினார். சீமைக் கருவேல முள். செருப்பின் அடியைத் துளைத்து மேலே வந்து ஒடிந்திருக்கிறது. முள்ளின் அடி செருப்பில், நுனி குதிகாலில். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அந்த நாற்றம் எங்கிருந்து வந்ததென்று அப்போது தெரிந்தது. நான் தினமும் மேலே பார்த்துத்தானே வாரை மாட்டுவேன், அடியை யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜீப்பில் இருபத்தெட்டு வருஷம் குலுங்கினதில் இடுப்பு எலும்பு நழுவி, இடது காலுக்குப் போகிற நரம்பு நசுங்கியிருக்கிறது. கால் மரத்து வெகு நாளாகிவிட்டது. அதோடு சர்க்கரை. விஷம் ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். வலது காலில் மெல்லிய நைலான் இழை ஒன்றை வைத்துக் குத்திக் குத்திக் கேட்டார்கள், அது நல்ல கால், ஒவ்வொரு குத்தையும் சொன்னார்.

மகனும் அவளும் ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிட்டார்கள். காலையில் டாக்டர் கட்டிலைச் சுற்றி எங்களை நிற்க வைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி இந்தக் கால எந்த டாக்டராவது பாத்திருக்காங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, இதான் மொதல் தடவ" என்று இவர் படுத்தபடியே சொல்லிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காபியை ஊற்றிக்கொண்டே இருந்தேன், டம்ளர் நிரம்பிக் கையில் வழிந்துவிட்டது. அவள் சொல்லவில்லை. ஒரு துணியை எடுத்து வந்து என் கையைத் துடைத்துவிட்டாள்.

இன்றுவரை சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவன் என்னைச் சும்மா விடமாட்டான். ஆறு மாதமாக எங்கள் வீட்டிலேயே இருந்து, வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துக்கொண்டு, கட்டு மாற்றுகிறாள், கட்டைக்கால் மாட்டிவிடுகிறாள். "அத்தை, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். இதெல்லாம் எதற்கு? எதற்காக அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்? சண்டை போட்டால் நானும் போடுவேன். நீ ஏன் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை, உனக்கு அவ்வளவு தெரிந்திருந்தால் நீயே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியதுதானே என்று கேட்பேன். கேட்க விட்டால்தானே. சிரித்த முகமாகச் சோறு போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறாள்.

இப்போது இன்னொரு கூத்து. சித்திரையில் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, அந்த வண்டிக்கு இடது காலே வேண்டாம். அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள். கால் போன மனுஷனிடம் பேசுகிற பேச்சா? நான் கரண்டியோடு ஓடி வருகிறேன், இவர் சிரிக்கிறார். கார்த்திகையில் கால் எடுத்த பிறகு அன்றைக்குத்தான் பல்லைக் காட்டினார். டாக்டரிடம் எழுதி வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டி, லைசென்சை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வெட்டின பிரேக் லைட் வயரையும் சேர்த்தாயிற்று.

இன்றைக்குக் கட்டைக்காலைச் சரி பார்க்க மதுரை ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் காரில். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் காரில் வாந்தி வரும், பஸ்ஸில் வருகிறேன் என்று முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வாந்தியெல்லாம் எனக்கு வராது. ஒன்றரை மணி நேரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார என்னால் முடியாது. இவர் ஏதாவது பேச்சுக் கொடுப்பார், பேச்சு எங்கேயாவது போகும், இவள் வாயைத் திறந்துவிட்டால்?

அதோ. கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள், மறைக்கிறது. அந்த வெள்ளை வண்டிதான். படிகாரம் தொங்குகிறதல்லவா, நான் கட்டினது. ஓட்டுகிறது அவர். பக்கத்தில் அவள். என்ன சொல்லிச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. பஸ்ஸைப் பார்க்கவில்லை, நல்லவேளை. குறுக்கே ஆடு போகிறது. பாருங்கள், சிவப்பு எரிகிறது. அணைந்துவிட்டது. எப்படிப் போகிறார் பார்த்தீர்களா? என்ன பிக்கப். ஜீப்பில் போன மாதிரியே போகிறார். அதற்குள் கண்ணுக்கே தெரியவில்லை.

நீங்கள் என்ன ஒன்றுமே பேசாமல் வருகிறீர்கள்? இவ்வளவு நேரம் சொன்னேன், ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லலாமே. அப்படிப் பார்க்காதீர்கள். அவள்தான் இப்படிப் பார்ப்பாள்.